ராசம்மாளுக்கு நின்ற பதினோரு நாள்

போட்டோவுக்கு நிற்பதென்றால் அத்தாயிக்கு அப்படி ஒரு ஆசை. நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம் என்று பொறுப்பாளர் சுதாராணி செல்போனைத் தூக்கினால் போதும். மற்றப் பெண்கள் தலையில் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் ஒதுங்குவார்கள். அத்தாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிடுவாள். அவள் கல்யாணத்தில்கூட யாரும் படம் எடுக்கவில்லை. கவர்மெண்டே பார்த்துத் தினம் இரண்டு படம் எடுக்கும்போது பின்னால் போய் ஒளிவானேன் என்பது அவள் கட்சி.

அந்த முன்வரிசைதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

ஏற்காட்டு மலையின் மஞ்சக்குட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, எஸ்டேட் வேலியோரமாக முக்கால் மணி நேரம் ஏறினால் வருகிற ஊர். முப்பத்திரண்டு வீடு. கொஞ்சம் சாமை, கொஞ்சம் ராகி, வீட்டுக்கு அரை ஏக்கரோ முக்கால் ஏக்கரோ காப்பி, அதில் ஏற்றிவிட்ட மிளகு. மிச்ச வயிற்றுக்கு எஸ்டேட் கூலியும் நூறு நாள் வேலையும். ஐப்பசி பிறந்து நாலாம் நாள், சாரல் விட்ட ஒரு காலையில் சுதாராணி ஒரு கவரை எடுத்துக்கொண்டு சித்தனின் வீட்டுக்கு வந்தாள். அத்தாயியின் புருஷன் சித்தன் வாசலில் உட்கார்ந்து கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, ஆபீஸ்ல குடுத்தாங்க. நான் ஒண்ணும் எழுதிப் போடலைங்க, சாமி சத்தியமா."

சித்தன் எட்டாவது வரை படித்தவன். கடிதத்தை முழங்காலில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியாக ஊன்றி வாசித்தான். 'ஆள்மாறாட்டம்' என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றான். திரும்ப ஒருதரம் வாசித்தான். மாசி மாதத்தில் பதினோரு நாள், ராசம்மாள் என்ற பெயரில் வருகை பதிவாகியிருக்கிறது; படத்தில் இருப்பது அத்தாயி. வருகிற செவ்வாய்க்கிழமை கிராம சபையில் நேரில் விளக்கம் தர வேண்டும். தவறினால் வேலை அட்டை ரத்து செய்யப்படும், தொகை திரும்பப் பெறப்படும், காவல்துறைக்குப் பரிந்துரைக்கப்படும்.

அத்தாயி கையில் மாவுடன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னுங்க அது, பணம் வந்துருக்குதா?"

"உன்ற படம் நொம்ப நல்லா வந்துருக்குதாம்" என்றான் சித்தன். வேடிக்கையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். பிறகு கடிதத்தை முழுக்க அவளுக்கு வாசித்துக் காட்டினான்.

நடந்தது ஊருக்கே தெரியும். போன மார்கழியில் சித்தன் மிளகு ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தான். காப்பி பழுத்துச் செடியிலேயே கறுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ராசம்மாள் வந்து அத்தாயியோடு சேர்ந்து பதினோரு நாள் பழம் பறித்துக் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை. வாங்குகிற வழக்கமும் இல்லை. இந்த ஊரில் ஒரு வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்தால், திரும்ப அந்த வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும். எந்த வேலைக்கு என்று கேட்க மாட்டார்கள். யார் வந்தார்கள் என்றும் பார்க்க மாட்டார்கள். மாசியில் ராசம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி சேலம் பெரியாஸ்பத்திரியில் படுத்தபோது, அத்தாயி தன் வீட்டு நூறு நாளை முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். ராசம்மாளின் அட்டையை எடுத்துக்கொண்டு பதினோரு நாள் போய்க் கல் வரப்புப் போட்டாள். சம்பளம் ராசம்மாளின் பேங்க் கணக்குக்குப் போனது. மருந்துச் செலவுக்கு ஆயிற்று. அத்தாயிக்கு அதில் ஒரு வெற்றிலைக்குக்கூட வரவில்லை. வரக்கூடாது என்பதுதான் கணக்கு.

இதைத்தான் ஊரில் எல்லோரும் செய்தார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன உறுத்தல் இருந்திருக்கிறது, பின்வரிசையில் நின்றார்கள். மலையில் மாசிப் பனி வேறு. பின்னால் நிற்கிற மூஞ்சி எது மரம் எது என்று தெரியாது.

"போலீசுன்னா போட்டுருக்குது?" அத்தாயி கையைத் துடைக்கவே இல்லை. "ஏனுங்க, மத்தது எதுன்னாலும் போகட்டும். அட்டைய வெட்டுனா வெட்டட்டும். ஸ்டேசன் படி மட்டும் ஏத்திராதீங்க என்னைய. அந்தப் படி ஏறுனவ எந்த ஊட்டு விசேசத்துலயும் முன்னால நிக்க முடியாதுங்க."

"எவன் ஏத்தறான்? சட்டம்னு ஒண்ணு இருக்கும்ல? அதுல என்னன்னு பாத்துட்டு வர்றேன்."

சட்டம் எங்கே இருக்கும் என்று சித்தனுக்குத் தெரியவில்லை. ஏற்காட்டில் இருக்கும் என்று நினைத்தான். உப்பு, உரம், ஊசி எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் நூலகத்துக்குப் போனான். நூலகர் நல்ல மனிதர், எழுந்து அலமாரியெல்லாம் தேடினார். சட்டம் என்று இருந்தவை மூன்று புத்தகங்கள்: மோட்டார் வாகனத்துக்கு ஒன்று, வாடகை வீட்டுக்கு ஒன்று, மூன்றாவதை ஈரம் தின்று பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. "இப்பல்லாம் எல்லாம் கம்ப்யூட்டர்லதாங்க" என்று அவர்தான் பாய் கடையைக் காட்டினார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே சையத் இப்ராஹிமின் கடை. ஒரு பக்கம் மிளகு, கிராம்பு, சுற்றுலாக்காரர்களுக்கு யூகலிப்டஸ் தைலம். மறு பக்கம் ஜெராக்ஸ் மிஷினும் கம்ப்யூட்டரும். கம்ப்யூட்டர் அவர் மகள் அஃப்சானாவின் பொறுப்பு. ஏற்காட்டு மலையில் பாதிப் பேருடைய ஆதாரும் பட்டாவும் அவள் விரல் வழியாகப் போனவைதான்.

அவள் கடிதத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "உக்காருங்கண்ணா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அத்தா, அண்ணாவுக்கு ஒரு டீ சொல்லுங்க."

தேடினார்கள். மழைக்கு நெட் வருவதும் போவதுமாக இருந்தது. சட்டம் இங்கிலீஷில் முப்பது பக்கம் வந்தது. வழிகாட்டு நெறிமுறை என்று நூற்றுத் தொண்ணூறு பக்கம் வந்தது. தமிழில் ஒன்று இருக்கிறது என்று அழுத்தினால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது.

"இதென்ன கண்ணு, தாயக்கட்டம் மாதிரி?"

"எழுத்து உடைஞ்சு வருதுங்கண்ணா. இருங்க, வேற எங்கயாவது யாராவது பேசியிருப்பாங்க."

பேசியிருந்தார்கள். 'நூறு நாள் வேலையில் நூதன மோசடி' என்று வேறு ஏதோ மாவட்டத்து வீடியோ. ஐந்து லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெண்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். அடியில் மக்கள் கருத்து. அஃப்சானா சட்டென்று அதைத் தள்ளிவிடப் பார்த்தாள், ஆனால் சித்தன் வாசிக்க ஆரம்பித்திருந்தான்.

"'நம்ம வரிப்பணத்துல தூங்குதுங்க.' 'எல்லாத்தையும் உள்ள தூக்கிப் போடணும்.' இது யாரு கண்ணு, இதெல்லாம் எழுதறது?"

"யாரோங்கண்ணா. வேலையத்தவங்க."

"நம்ம அத்தாயியத் தெரியாதே இவங்களுக்கு."

கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்ராஹிம் பாய் கல்லாவை விட்டு வந்து தோளில் கை வைத்தார். "டீயக் குடிங்க சித்தா. ஆறிப்போகுது."

மூன்று மணி வாக்கில் அஃப்சானா ஒரு வழி கண்டுபிடித்தாள். இலவச சட்ட உதவி என்று ஒரு எண். நாலு முறை அடித்து ஐந்தாவது முறை எடுத்தார்கள். அங்கிருந்து சேலத்தில் ஒரு வக்கீலம்மாவின் எண் கிடைத்தது. பெயர் இன்பமேரி. கோர்ட் வராந்தாவில் நின்று பேசுகிறார் போல, பின்னால் ஒரே சத்தம். அஃப்சானா விவரம் சொன்னாள்.

"புதன்கிழமை நேர்ல வரச் சொல்லும்மா."

"செவ்வாய்க்கிழமையே கூட்டம் மேடம்."

"அப்படியா. சரி, ஸ்பீக்கர்ல போடு." குரல் சித்தனிடம் திரும்பியது. "அய்யா, நல்லா கேட்டுக்குங்க. கூட்டத்துல 'தப்பு'ங்கிற வார்த்தை உங்க சம்சாரம் வாயில வரவே கூடாது. பதிவேட்டைக் காட்டுங்க, எழுத்துல பதில் குடுக்கறோம், அவகாசம் வேணும். இது மூணு மட்டும் சொல்லணும். அது உங்க உரிமை. மிச்சத்த நான் பாத்துக்கறேன். புரியுதுங்களா?"

"புரியுதுங்க தாயி."

அஃப்சானா அந்த மூன்றையும் மனுவாகத் தட்டி, இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தாள். காசு கேட்கவில்லை. மழை நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறையிலும் போட்டாள். மஞ்சக்குட்டை ஜீப்பில் சித்தன் அதைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு வந்தான். மூன்றே வார்த்தை, மூன்றே வார்த்தை என்று ஏற்றம் முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தான்.

அத்தாயி ராகிக் களி கிண்டிக்கொண்டிருக்கும்போதே பாடம் ஆரம்பமாயிற்று.

"அவரு உன்னைக் கேப்பாரு. நீ என்ன சொல்லுவ?"

"பதிவேட்டக் காட்டுங்க."

"அப்புறம்?"

"எழுதிக் குடுக்கறனுங்க." துடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றினாள். "மூணாவது என்னமோ, நாள் வேணும்."

"அவகாசம்."

"அதேதானுங்க. நாள்னு சொன்னா அவருக்கு வெளங்காதாக்கும்?"

களியை உருட்டி, அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றி வைக்கிற நேரத்தில் ராசம்மாள் வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் நடையே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தாயி, எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கலை. எங்கூட்டுல அவரு, நீ வாயே தொறக்கக் கூடாதுங்கறாரு. நான் கேட்டு நீ போனயின்னா நானும் மாட்டுவனாம். நீயா போனயின்னு இருக்கட்டுமாம்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்டி. உடம்பு சரியில்லாதவ. உன்ற அண்ணன் சட்டமெல்லாம் பாத்துட்டு வந்துருக்கறாரு."

"பாவி நான். என்ற காப்பியா அது, உன்ற காப்பிதான் நான் பறிச்சேன். அந்தக் கணக்க நீ தீக்கலைன்னா இது வந்துருக்குமா?"

"தீக்காம இருக்க முடியுமாடி? சாப்புடு, ஒரு உருண்டை."

இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். சித்தனுக்கு ராசம்மாள் மேல் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. சமுதாயக் கூடத்துத் தகரக் கூரையில் சத்தம் பிடுங்கித் தின்றது. தணிக்கை அதிகாரி சந்திரசேகர் கீழ்நாட்டுக்காரர், குளிர் தாங்காமல் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் அன்றைக்கு அவர் மலை இறங்க முடியும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சித்தன் நீட்டிய மனுவை முழுசாகப் படித்தார், ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

"சரியாத்தான் கேட்டிருக்கீங்க. அவகாசம் குடுக்க வேண்டியதுதான். பதினஞ்சு நாள் குடுக்கறேன்."

சித்தனுக்கு அந்த நிமிஷம் மார்பு விரிந்தது. சட்டம் இருக்கத்தான் செய்கிறது, தேடுகிறவனுக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. திரும்பி அத்தாயியைப் பார்த்தான். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, வாய்க்குள்ளே மூன்று வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"பதிவேடு கேட்டிருக்கறதால," அதிகாரி காகிதத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார், "அந்த வருஷத்துப் படம் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு ஆளா வரிசையா வெச்சுச் சரிபாத்துடலாம். அதுதான் முறை."

கூடத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பின்வரிசையில் நின்ற மாசிகளும் பங்குனிகளும் ஒவ்வொரு வீட்டுக்கும் நினைவுக்கு வந்துகொண்டிருந்தன.

ஊருக்குப் பெரியவரான ஊர்க்கவுண்டர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "சாரு, எதுக்குங்க அத்தனை சிரமம்? மழையில வந்து போகோணும். ஊருக்குள்ள பேசி முடிச்சுக்கறமுங்க."

"ஆமாங்க சார். இன்னைக்கே முடிச்சுப்போடலாம்" என்றது ஒரு குரல். அதைத் தொடர்ந்து பத்துக் குரல். ராசம்மாளின் புருஷன் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது.

"இல்லீங்க," சித்தன் எழுந்தான். "நாள் குடுத்துட்டாருங்க. வக்கீலம்மா சொல்லியிருக்கறாங்க..."

"சித்தா, வக்கீலா வந்து உனக்குக் காப்பி பறிக்கப் போவுது?" கவுண்டர் குரலை உயர்த்தவில்லை. "நீ கால் ஒடிஞ்சு கெடந்தப்ப உன்னைக் கட்டில்ல தூக்கிட்டு எறங்குனது யாரு? ஊரு வேணுமா வேண்டாமா, நீயே சொல்லு." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "அத்தாயி, இப்படி வா சாமி."

அவர் 'சாமி' என்று கூப்பிட்டதும் சித்தனுக்குப் புரிந்துவிட்டது. இந்த மலையில் ஊர் கூடிக் கேட்கும்போது, செய்தவரோ செய்யாதவரோ, முந்தானையையோ துண்டையோ தரையில் விரித்து, 'தப்புத்தானுங்க, ஊரு பொறுத்துக்கோணும்' என்று சொல்லிவிட்டால் ஊர் ஒரே குரலில் 'பொறுத்தாச்சு' என்று சொல்லும். யார் மேல் யாருக்கு வருத்தமோ அவர்கள் கையால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டால் தீர்ந்தது. பிறகு அந்தப் பேச்சை எடுக்கிறவனுக்குத்தான் குற்றம். ஆடு மேய்ந்த வழக்கும், தம்பி பெண்டாட்டியை வைத வழக்கும் அத்தாயியின் ஆயுசில் அப்படித்தான் தீர்ந்திருக்கின்றன. போலீஸ் படி ஏறாமலிருக்க இதைவிட வலுவான வழி எதுவும் அவளுக்குத் தெரியாது.

"அத்தாயி, வேண்டாம்!" என்றான் சித்தன். "மூணு வார்த்தை, அது மட்டும் சொல்லு."

அவள் அவனைப் பார்த்தாள். நம்பிக்கையில்லாத பார்வை இல்லை அது. குழந்தை எதற்கோ பயந்து அடம் பிடிக்கும்போது பார்ப்பார்களே, அந்த மாதிரி. முன்னால் வந்தாள். எப்போதும் போல முன்வரிசைக்கும் முன்னால் வந்து, முந்தானையைத் தரையில் விரித்தாள்.

"தப்புத்தானுங்க. ராசம்மா அட்டையில நாந்தான் நின்னேன். ஊரு பொறுத்துக்கோணும்."

"பொறுத்தாச்சு!"

தகரக் கூரையே அதிர்ந்தது. அப்படி ஒரு சத்தம் அந்த ஊர் மாரியம்மன் நோம்பிக்குக்கூடப் போட்டதில்லை. ராசம்மாள் அழுதுகொண்டே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், அத்தாயி அண்ணாந்து குடித்தாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். யாரோ காப்பித் தண்ணி வைக்கச் சொன்னார்கள்.

சந்திரசேகர் பேனாவை மூடித் திறந்தார். "அம்மா, இது நீங்க மனசறிஞ்சு சொல்றதுதானே?"

"ஆமாங்க சாமி. பொய்யே இல்லீங்க."

"சார், அது அப்படி இல்லீங்க சார்," சித்தன் மேஜையைப் பிடித்துக்கொண்டான். "அது ஊரு வழக்கமுங்க. ஊருக்குள்ள சொல்றதுங்க. நீங்க எழுதிக்கற வார்த்தை இல்லீங்க அது."

"எனக்குப் புரியுதுங்க. ஆனா சபையில அத்தனை பேர் முன்னால சொல்லிட்டாங்களே. நான் காதுல விழலைன்னு எழுத முடியுமா?" அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, மப்ளரை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக்கொண்டார். எழுதினார். எழுதியதை மழைக்குமேல் குரலெடுத்துப் படித்தார்: விளக்கம் தர வாய்ப்பு வழங்கப்பட்டது, சம்பந்தப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், சபை ஒருமனதாக ஏற்றது. ஊரில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காப்பி வந்துவிட்டிருந்தது.

அத்தாயி கையெழுத்துப் போட்டாள். கைநாட்டு வைக்கிற பெண்களுக்கு நடுவே கையெழுத்துத் தெரிந்தவள் அவள். தா-வுக்குக் கால் வாங்கி, நிதானமாக, அழகாகப் போட்டாள்.

அன்றைக்கு அவள் எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். "ஏனுங்க, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு? முடிஞ்சுதான போச்சு?" என்று அவனுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். சித்தனால் சொல்ல முடியவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது, நிம்மதியாகச் சாப்பிடுகிறவளின் சோற்றில் மண் போடுவதா என்று இருந்துவிட்டான். மறுநாள் ஏற்காடு போய் அஃப்சானாவின் கடையிலிருந்து இன்பமேரிக்குப் பேசினான்.

"கையெழுத்துப் போட்டாங்களா?"

"போட்டாங்க தாயி."

"பேப்பர் ஏதாவது வந்தா எடுத்துட்டு வாங்கய்யா. பார்க்கலாம்."

அஃப்சானா போனை வாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டரில் வேறு யாருடைய சாதிச் சான்றிதழோ பாதியில் நின்றுகொண்டிருந்தது.

பேப்பர் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் முற்பகல், வெயில் நன்றாக அடித்த நேரத்தில் ஆள் வந்தது. இளவட்டப் போலீஸ்காரர், பைக்கை எஸ்டேட் கேட்டிலேயே விட்டுவிட்டு நடந்து ஏறியதில் மூச்சு வாங்கினார். அத்தாயி களத்தைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். முதலில் பழுக்கிற காப்பி இன்னும் பத்து நாளில் இறங்கிவிடும். சித்தன் ஏணியை ஓரமாகச் சாத்திவிட்டு அப்படியே நின்றான்.

"அத்தாயிங்கறது யாருங்க?"

"நாந்தானுங்க. உக்காரு கண்ணு, வேர்த்து ஊத்துது. தண்ணி கொண்டாரட்டுமா, காப்பி போடட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம்மா. ஸ்டேஷனுக்கு வரணும். நூறு நாள் வேலை விஷயமா."

அத்தாயி சாணிக் கையோடு எழுந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஆளை மாற்றி வந்துவிட்ட பையனுக்கு வழி சொல்கிற முகம்தான் இருந்தது.

"அதா? அது ஊருக்கு முன்னால தப்புன்னு சொல்லி முடிச்சாச்சே சாமி. எல்லாரும் பொறுத்தாச்சுன்னு சொல்லிட்டாங்களே. உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

போலீஸ்காரர் சித்தனைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார்.

"சொன்னாங்கம்மா. அத வெச்சுத்தான் வந்திருக்கறேன்."